தண்ணீரை முகர்ந்து பார்த்தவர்

காலை எட்டே காலுக்கு மாடிப்படி ஏறி வந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, தோளில் தொங்கும் பையைக்கூடக் கீழே வைக்காமல், எவர்சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர் பிடிப்பது. டம்ளரின் வாயை உள்ளங்கையால் இறுக மூடி நாலைந்து தடவை குலுக்குவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கையை லேசாக விலக்கி, அந்த இடுக்கில் மூக்கை வைப்பார். அந்த இரண்டு மூன்று நொடிகள் நான் மூச்சு விடமாட்டேன். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கும்போது வருகிற பயம் அது. "ம்... ஊத்தலாம்" என்றால் அன்றைய பொழுது ஓடும். "வேணாம்" என்றால் அந்தத் தண்ணீர் முழுக்கக் கழிப்பறைக்குத்தான் போகும்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய பிள்ளைகள் கிள்ளானில்தான் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவதில் பாதி அவர்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அக்காவாகவே இருக்கட்டும். என்னைவிட ஆறு வயது மூத்தவர்.

எங்கள் தோட்டம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய கடைவீட்டின் முதல் மாடியில் இருந்தது. தோட்டம் என்று சொன்னால் பார்க்க வருகிறவர்கள் சிரிப்பார்கள். சன்னல்களை அடைத்த நீளமான அறை, இரும்பு அடுக்குகள், எல்.ஈ.டி. விளக்குகள், நாற்பது பிளாஸ்டிக் பெட்டிகளில் மண். மண்ணில் கொத்தமல்லி, புதினா, வெந்தயக்கீரை. பெட்டாலிங் ஜெயாவில் பத்தொன்பது வருடம் நான் உட்கார்ந்திருந்த அலுவலகம் ஒரு வெள்ளிக்கிழமை என்னைப் போய் வரச் சொன்னது. அந்தக் கோபத்தில் ஆரம்பித்தது இது. இனி எவனுக்கும் கைகட்டி நிற்பதில்லை, கீரை வளர்த்துப் பிழைப்பேன் என்று வீட்டில் சபதம் போட்டேன். கீரை வளர்ப்பது எளிதாகத்தான் இருந்தது. மண்ணைக் காப்பாற்றுவதில்தான் எனக்கு உயிர் போனது.

எங்களுடையது ஆர்கானிக். மற்றவர்கள் மாதிரி தண்ணீரில் சத்தைக் கரைத்துச் செடிக்கு ஊட்டுவதில்லை. மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கோடிக்கணக்கில் குடியிருக்கிற பாக்டீரியாவும் பூஞ்சையும் மக்கிய குப்பையைத் தின்று செடிக்குக் கொடுக்கும். அதுகள் இருந்தால்தான் அது மண், இல்லாவிட்டால் வெறும் தூசி. வெளியே நிலத்தில் என்றால் ஒரு மழை பெய்தால் எங்கிருந்தாவது புதிதாக வந்து சேரும். அடைத்த அறையில் பெட்டிக்குள் இருக்கிற மண்ணுக்கு அப்படி ஒத்தாசைக்கு வர ஆள் கிடையாது. குழாய்த் தண்ணீரில் நம்மைக் காப்பாற்றப் போடுகிற குளோரின் அதுகளுக்கு ஆகாது. கொஞ்சம் என்றால் தாங்கும், மிஞ்சினால் கூண்டோடு போய்விடும். அதனால் குழாய்த் தண்ணீரைத் திறந்த பீப்பாயில் பிடித்து, மீன்தொட்டிக்குப் போடுகிற காற்று மோட்டாரை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, குளோரின் போன பிறகுதான் ஊற்றுவோம். போய்விட்டதா என்று சொல்ல வேண்டியது அக்காவின் மூக்கு. அந்த நாற்பது பெட்டி மண்ணும் செத்தால் நாங்கள் இருவரும் வீட்டைப் பார்த்துப் போக வேண்டியதுதான்.

அந்த மூக்கு சும்மா வந்ததில்லை. கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர் அக்கா. ரப்பர் கையுறை பிசுபிசுப்பு போய் வழுவழுப்பாக வருவதற்குக் குளோரின் தண்ணீரில் அலசுவார்களாம். அந்தப் பகுதியில்தான் வேலை. "அலாரம் அடிக்கிறதுக்கு முந்தியே என் மூக்கு அடிச்சிடும் மா" என்பார். ஒரு தடவை இவர் "ஓடுங்க" என்று கத்தியதும் மொத்தப் பகுதியும் வெளியே ஓடிய பிறகு, காலாற நடந்து வந்த சூப்பர்வைசர் ஒருவரை மட்டும் ஆம்புலன்ஸில் ஏற்றினார்களாம். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் மூக்கின் நுனியை ஒரு விரலால் தொட்டுக்கொள்வார். தொழிற்சாலையை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூக்கு மட்டும் இவரிடம் தங்கிவிட்டது.

என்னிடம் வந்து சேர்ந்ததும் மூக்கால்தான். எங்கள் கடைவீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு தையல்காரர். அவரிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவர் படிக்கட்டுப் பக்கம் திரும்பி, "மேல என்ன வெச்சிருக்காங்க? செத்த வாசனை வருதே" என்று கேட்டிருக்கிறார். கேட்டதோடு நிற்காமல் மேலேயும் ஏறி வந்துவிட்டார். நான் அப்போது முதல் தடவை நட்ட நாற்றெல்லாம் மஞ்சளாகி நிற்க, என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். யார் நீங்கள் என்று நான் கேட்பதற்குள் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"இதுக்கு உசுரு இல்ல மா. நீச்சக்குளத்துல இருந்து அள்ளிட்டு வந்த மாதிரி இருக்கு. பைப்புத் தண்ணிய அப்படியே ஊத்துறியா?"

எனக்குச் சுருக்கென்றது. நீச்சல் குளத் தண்ணீரைச் சோதிக்கிற சொட்டு மருந்து ஒன்று வாங்கி வைத்திருந்தேன், பிரிக்காமலே. எடுத்துச் சோதித்தேன். குளோரின் இருந்தால் மஞ்சளாகும், நிறைய இருந்தால் ஆரஞ்சாகும். குழாய்த் தண்ணீர் நல்ல மஞ்சளாக வந்தது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அக்கா கிள்ளானில் ரயிலேறித் தினமும் வேலைக்கு வந்துவிட்டார். முதல் இரண்டு வாரம் அவருக்குத் தெரியாமல் ஒவ்வொரு நாளும் சொட்டு மருந்தையும் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள்கூட மூக்கும் மருந்தும் வேறு வேறாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மருந்தை மேசை டிராயரில் போட்டுச் சாத்திவிட்டேன். அவர் முன்னால் அதை எடுப்பது மரியாதைக் குறைவு என்று எனக்கே தோன்றியது.

அவரோடு வெளியே போவது ஒரு தொல்லை. ரயிலில் யார் பையிலாவது டுரியான் பழம் இருந்தால் மூன்று பெட்டி தாண்டி இழுத்துக்கொண்டு போவார். பாசாரில் மீன்காரர் இவர் தலையைக் கண்டதும் ஐஸை இன்னும் இரண்டு கை அள்ளிப் போடுவார். கீழே தையல்கார அண்ணன் இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போன அன்றைக்கு, மாடியிலிருந்து பாய்ந்து இறங்கிப் போய் சுவிட்சை அணைத்தவர் இவர்தான். எதிலும் அவருக்கு முதலில் மூக்கில் வேர்த்துவிடும்.

என் விஷயத்திலும் அப்படித்தான். ஒரு மத்தியானம் பல் டாக்டரிடம் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வந்தபோது அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு புதினா கிள்ளிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பல்லு டாக்டர்கிட்ட இந்த வாசனை வராது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க. ரொம்ப நேரம் உக்காந்திருக்க."

"அதெல்லாம் இல்ல அக்கா."

"பயந்தும் இருக்க. வேர்வை புளிச்சிருக்கு."

நான் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மார்பில் ஒரு கட்டி, ஊசி போட்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. முடிவு வருவதற்குப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்காருவார். ஒன்றுமில்லை என்று வந்த அன்றைக்கு, "வெந்தயம் முளைச்சிருச்சு பாரு" என்று மட்டும் சொன்னார். பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுத்ததில்லை. இந்தப் பெண்மணியிடம் நான் எதையும் ஒளிக்க முடியாது என்று எனக்குப் புரிந்துபோனது. அவர் என்னிடம் எதையாவது ஒளிக்கலாம் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வருடம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் வரவில்லை. வந்தபோது கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தார். அன்றைக்கு வழக்கம்போல டம்ளரைக் குலுக்கி, ஆனால் தன் மூக்குக்குக் கொண்டுபோகாமல் என்னிடம் நீட்டினார்.

"மொதல்ல நீ மோந்து பாரு. நீயும் பழகிக்கணும்ல. நாளைக்கு நான் ரயில விட்டுட்டா என்ன செய்வ?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. நான் முகர்வேன், ஒன்றும் சொல்லாமல் டம்ளரைத் திருப்பிக் கொடுப்பேன். அவர் வாங்கி முகர்வார், கண்ணைத் திறப்பார், தீர்ப்புச் சொல்வார். நான் நினைத்ததும் அவர் சொல்வதும் ஒன்றாகவே இருக்கும். எனக்கும் மூக்கு பழகிவிட்டது என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

இப்போது யோசித்தால் எல்லாம் கண்ணெதிரே நடந்திருக்கிறது. ஒரு மத்தியானம் ஊசிப்போன சாம்பாரை நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டார். எனக்கு இந்தப் பக்கம் குமட்டுகிறது. "அக்கா, கெட்டுப்போச்சு" என்றதும், "லேசா புளிச்சா நல்லதுதான் லா" என்று சிரித்தார், ஆனால் மூடி வைத்துவிட்டார். இன்னொரு காலை, மண்ணுக்கு ஊற்றுவதற்காகப் புழு எருவையும் பனைவெல்லத்தையும் கரைத்து ஊறவைத்திருந்த வாளியில், மின்சாரம் போய்க் காற்று மோட்டார் நின்றிருந்தது. மழை பெய்த மண் மாதிரி மணக்க வேண்டிய கரைசல், படிக்கட்டு வரை சாக்கடையாக நாறியது. எனக்கு முன்னால் வந்திருந்த அக்கா ஒரு குச்சியால் அதைச் சாவகாசமாகக் கிளறிக்கொண்டிருந்தார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்ததைப் பார்த்ததும், "நாறுதுல்ல? அதான் எவ்வளவு கெட்டிருக்குன்னு கலக்கிப் பாக்குறேன்" என்றார். அதையும் நம்பினேன்.

அப்புறம் அந்தப் பீப்பாய்த் தண்ணீர் விஷயம். நான் காலையில் கழிப்பறையைப் பிளீச்சிங் போட்டுக் கழுவிவிட்டு வந்து டம்ளரை முகர்ந்தேன். குப்பென்றது. முகத்தைச் சுளித்துவிட்டேன். அக்காவும் முகர்ந்துவிட்டு, "ஆமா, நாறுது, வேணாம்" என்றார். ஒரு பீப்பாய்த் தண்ணீரையும் இருவரும் வாளி வாளியாகச் சுமந்து கொட்டினோம். மத்தியானம் சும்மா ஒரு சந்தேகத்தில், டம்ளரில் மிச்சமிருந்ததில் சொட்டு மருந்தைப் போட்டுப் பார்த்தேன். நிறமே வரவில்லை. வாடை என் கையிலிருந்து வந்திருக்கிறது. "தண்ணி தூக்கித் தூக்கியே ஜிம்முக்குப் போன மாதிரி ஆயிருப்பீங்களே" என்று தையல்கார அண்ணன் ஒரு வாரம் கிண்டல் செய்தார். நான் மூக்கறுபட்டு நின்றேன். இனிமேல் அக்கா வாயைத் திறக்கும் வரை முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். என் கையின் வாடை அக்காவுக்கு எப்படித் தண்ணீரில் அடித்தது என்று நான் யோசிக்கவே இல்லை.

முடிவு செய்து பத்து நாள்கூட ஆகவில்லை, தண்ணீர் வெட்டு வந்தது. அந்தப் பக்கம் முழுக்கத் திங்கட்கிழமையிலிருந்து குழாயில் சொட்டு இல்லை. பீப்பாயில் இருந்ததைப் பெட்டிக்கு ஒரு குவளை என்று அளந்து ஊற்றினோம். புதன்கிழமை அதுவும் தீர்ந்தது. தெருமுனையில் தண்ணி லோரி வந்தால் வாளியோடு வரிசையில் நிற்போம், ஆளுக்கு இரண்டு வாளிதான். அதில் பாதி குடிப்பதற்கே போய்விடும். விளக்குச் சூட்டில் மண் வெடிக்க ஆரம்பித்தது. காய்ந்தாலும் மண்ணுக்குள் இருப்பது சாகும். வெள்ளிக்கிழமை காலை பங்சாரிலிருந்து ஓர் உணவகக்காரர் தோட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் வாரா வாரம் அங்கேதான் எங்கள் கீரை போகும். இரண்டு வருடம் அப்படி ஓர் ஆளுக்காகத்தான் நாங்கள் காத்திருந்தோம்.

வியாழக்கிழமை மத்தியானம் தண்ணீர் வந்தது, தேநீர் நிறத்தில். கட்டடச் சொந்தக்காரரின் ஆள் மொட்டை மாடிக்குப் போய் டேங்கைக் காலி செய்து கழுவினான். இறங்கி வரும்போது, "நல்லா சுத்தம் பண்ணியாச்சு அக்கா, இனிமே பளிச்சுன்னு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். எதைப் போட்டுக் கழுவினான் என்று நாங்கள் கேட்கவில்லை. மூன்று மணிக்குக் குழாயைத் திறந்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது.

ஒரு நாள் நிற்கவைக்க நேரம் இல்லை. கொத்தமல்லி தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. அக்கா டம்ளரைக் குலுக்கி என்னிடம் நீட்டினார்.

முகர்ந்தேன். மூக்கின் உள்ளே எரிந்தது, கண்ணில்கூட லேசாகக் குத்தியது. கையைக் கழுவினேனா, எதையாவது தொட்டேனா என்று மனம் தேடியது. போன தடவை பட்ட அவமானம் ஞாபகத்துக்கு வந்தது. இதில் இருந்தால் அக்கா சொல்லமாட்டாரா என்ன? முகத்தில் ஒரு நரம்புகூட அசையாமல் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் என்னையே பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். நான் பயந்துபோய் இன்னும் விறைத்துக்கொண்டேன். டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார், கண்ணை மூடினார், திறந்தார், மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார்.

"ம்... ஊத்தலாம்."

அப்பாடா, என் மூக்குதான் மறுபடியும் கோளாறு என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. பூவாளியை நிறைத்து நிறைத்து ஊற்றினேன். கடைசிப் பெட்டிக்கு வந்தபோது தொண்டை கரகரத்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

ஐந்து மணி இருக்கும். அடுக்கின் ஓரத்தில் தரையில் ஏதோ சிவப்பாக நெளிந்தது. குனிந்து பார்த்தேன், எருவோடு வந்து பெட்டிக்குள் தங்கியிருந்த மண்புழு. நிமிர்ந்தால் பெட்டிகளின் பக்கவாட்டில் எல்லாம் புழுக்கள். மண்ணைவிட்டு மேலே வந்து, விளிம்பில் ஏறி, தொப்பு தொப்பென்று விழுந்துகொண்டிருந்தன. வெளிச்சத்துக்கே தலை காட்டாத ஜீவன் எல்.ஈ.டி. விளக்குக்குக் கீழே வந்து துடிக்கிறதென்றால் உள்ளே என்ன ஆகியிருக்கும்? டிராயரைத் திறந்து சொட்டு மருந்தை எடுத்தேன். குழாய்த் தண்ணீரில் விட்டதும் அடர்ந்த ஆரஞ்சாகத் திரண்டது.

அக்கா பக்கத்தில் வந்து அதைப் பார்த்தார்.

"என்ன நெறம் வரணும்?"

"நெறமே வரக்கூடாது அக்கா."

கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். "எனக்கு வாசனை தெரியல மா" என்றார்.

"இன்னைக்கா?"

"காய்ச்சல்ல இருந்து. அஞ்சு மாசம் ஆச்சு. மல்லிப்பூவும் தெரியல, மலமும் தெரியல."

"அஞ்சு மாசமா தெனம் சொல்லிட்டுத்தானே இருந்தீங்க? அந்த ஒரு பீப்பாயத் தவிர ஒரு நாளும் தப்பா போகலையே!"

"உன் மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னேன். நீ மோந்ததும் இந்த மூக்கு ஓரத்துல சுருங்கும். புருவம் ஏறும். அத வெச்சித்தான் ஊத்தலாமா வேணாமான்னு சொல்வேன். இன்னைக்குப் பாத்தேன், ஒண்ணுமே இல்ல. ரெண்டு தரம் பாத்தேன். நீ கல்லு மாதிரி நின்ன."

அடுக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு வாடை அடிச்சது அக்கா. டம்ளர்லயே. கண்ணு எரிஞ்சது."

"அப்புறம் ஏன் மூஞ்ச அப்படி வெச்சிருந்த?"

"நீங்க சொல்லட்டும்னு."

புழு விழுகிற சத்தம் கேட்டது. திடீரென்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் என்ன போகச் சொல்லிடுவேனா?" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக அவரிடம் நான் பேசியதே கிடையாது.

அவர் கத்தவில்லை. "போகச் சொல்லமாட்ட. நீ நல்லவ. அந்த டிராயர தொறந்து மருந்த எடுத்து மேல வெப்ப, அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் கிள்ளான்ல இருந்து ரயிலேறி எதுக்கு வரணும், சொல்லு" என்றார்.

அப்படித்தான் செய்திருப்பேன்.

கீழே ஓடிப்போய் மருந்துக்கடையில் வைட்டமின் சி மாத்திரை வாங்கி வந்தேன். அது குளோரினை முறிக்கும் என்று படித்திருந்தேன். தண்ணி லோரியில் பிடித்துவைத்த மிச்சத் தண்ணீரில் கரைத்து எல்லாப் பெட்டியிலும் விட்டோம். இரண்டு மணி நேரம் தாமதம். பிறகு இருவரும் முட்டிபோட்டுத் தரையில் கிடந்த புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். உயிருள்ளதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. விரலில் எடுத்து அசைகிறதா என்று காத்திருக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை பங்சார்காரர் வந்தபோது இன்னொரு சோதனை. செடியெல்லாம் நிமிர்ந்து நின்றது! நாலு நாள் தாகத்துக்குத் தண்ணீர் கிடைத்ததல்லவா, இலைக்கு அதுவே போதும். வேருக்குக் கீழே எல்லாம் போய்விட்டதென்பது இன்னும் ஒரு வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும். அவர் ஒரு கொத்தமல்லித் தழையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்துவிட்டு, "சூப்பர் லா, அடுத்த வாரமே ஆரம்பிக்கலாம்" என்றார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அதற்குள் அக்கா முன்னால் வந்தார்.

"வேணாம் பாஸ். மண்ணு செத்துப்போச்சு. அடுத்த வாரம் எல்லாம் மஞ்சளாயிடும். நேத்து நான்தான் கெட்ட தண்ணிய ஊத்தலாம்னு சொன்னேன். எனக்கு மூக்கு போயிருச்சு."

ஐந்து மாதம் என்னிடம் மறைத்ததை, முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் ஐந்து நொடியில் சொல்லிவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. "அவங்க மேல தப்பில்ல பாஸ். எனக்கு வாடை தெரிஞ்சது. தெரிஞ்சேதான் ஊத்துனேன்" என்றேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இதுகளுக்குக் கொஞ்சம் மண்டையில் கோளாறு என்று நினைத்திருப்பார். "மண்ணு சரியானதும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திரும்பி வரவில்லை.

சனிக்கிழமை அக்கா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். எட்டே காலுக்குப் படியில் சத்தம் கேட்டது. கையில் ஒரு பெரிய மைலோ டின். ஒரு வருடத்துக்கு முன்னால் எங்கள் பெட்டியிலிருந்து ஒரு கை மண் எடுத்துக்கொண்டுபோய் வீட்டுக் கறிவேப்பிலைச் சட்டியில் போட்டாராம். மழைத் தண்ணீர் தவிர வேறு எதுவும் காட்டாமல் வளர்த்தது. அந்த மண். என் முன்னால் நீட்டி, "மோந்து பாரு" என்றார். மூக்கை வைத்தேன். மழை பெய்த வாசனை. என் முகம் என்ன ஆனதோ, அவர் மூச்சை நீளமாக விட்டார். கரண்டியால் அளந்து பெட்டிக்கு இரண்டு கரண்டி என்று கலந்தோம். நாற்பதில் பத்தொன்பது பெட்டி மூன்று மாதத்தில் உயிர்த்தது. மீதியை மூட்டை கட்டிக் கீழே இறக்கினோம்.

அதற்கப்புறம் இரண்டு வருடம் அந்தப் பத்தொன்பது பெட்டியை வைத்துத்தான் ஓட்டினோம். டிராயர் திறந்தே இருந்தது, சொட்டு மருந்து மேசைமேல் இருந்தது. ஆனாலும் தினமும் அக்காதான் டம்ளரைக் குலுக்குவார். நான் முகர்ந்து சத்தமாகச் சொல்வேன். அவர் என் வாயைக் கவனிக்கவே மாட்டார், முகத்தைத்தான் பார்ப்பார். "வாய் என்ன வேணா சொல்லும்" என்பார். மருந்து அதற்கும் பிறகு.

முழங்கால் வலியில் படி ஏற முடியாமல்தான் வேலையிலிருந்து நின்றார். மகள் வீட்டில் இருந்தார். போன வருடம் ஒரு காலையில் மகள் போன் செய்தபோது, குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கிள்ளானுக்கு ரயிலில் போனேன். கூடம் முழுக்க மாலையும் ஊதுபத்தியும், யாரோ தரையில் தெளித்த பினாயிலும். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கடைசி வரைக்கும் அம்மா மூக்குக்கு மட்டும் ஒண்ணுமே ஆகல ஆன்டி. போன வாரம்கூடப் பால் கெட்டிருச்சுன்னு அம்மாதான் சொன்னாங்க. எது வந்தாலும் மொதல்ல பேத்திகிட்ட குடுத்து மோந்து பாக்கச் சொல்வாங்க, அப்புறம்தான் அவங்க. இவளையும் பழக்கிவிடுறாங்களாம்."

பேத்தி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள், ஏழு வயதிருக்கும். பினாயில் வாடைக்கு மூக்கின் ஓரம் சுருங்கி, புருவம் ஏறியிருந்தது.

"ஆமாம்மா, அந்த மூக்கு யாருக்கு வரும்" என்றேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கல் மாதிரி நின்றேன்.